கிழக்கேகோட்டை வழியாகச் சியோலுக்கு

சியோல் நகரத்தை நான் பார்த்ததில்லை. அந்த நகரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று டிசைனர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வரட்டும். ஆண் டாக்டர்கள் பிரசவம் பார்க்கவில்லையா? சமைக்கத் தெரியாத மாமாக்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அவியலுக்கு மார்க் போடவில்லையா? நான் மட்டும் எதற்குத் தலையைக் குனிய வேண்டும்?

கட்டடக்கலை படித்துவிட்டு, மலையாளம் பேசும் எங்கள் ஊரில், வழுதக்காட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் சமையலறை அலமாரி வரைவது. வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: கேஸ் சிலிண்டர் கண்ணில் படக்கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சிலிண்டரை ஒளித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் நான் சியோலுக்குப் போய்விடுவேன். கணினியில்தான். கல்லூரியில் ஒரு பாடத்துக்காக ஹானோக் என்கிற கொரிய வீட்டைப் பற்றிப் படிக்கப் போய் மாட்டிக்கொண்டவள் நான். நடுவில் முற்றம், தாழ்ந்த கூரை, பலகைத் தரை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் மனிதர்கள். இதென்ன, நம் ஊர் வீட்டை யாரோ குளிர்ப் பிரதேசத்துக்கு மாற்றல் செய்துவிட்ட மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பித்தது. அப்புறம் வரைபடத்தில் தெருத்தெருவாக நடந்தேன். (அந்த நடையைத் தரையில் நடந்திருந்தால் இளைத்தாவது இருப்பேன்.) புக்சோன் என்கிற பழைய வீடுகள் நிறைந்த மேட்டில் எந்தச் சந்து எங்கே திரும்பும், எந்தச் சுவரில் கல் எங்கே முடிந்து செங்கல் ஆரம்பிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இதையெல்லாம் பகுதி பகுதியாக எழுதி இணையத்தில் போட்டேன். முதல் வரியிலேயே ‘எழுதியவள் இன்னும் அங்கே போகவில்லை’ என்று போட்டிருந்தேன். அதனால் யாரையும் ஏமாற்றிய பழி என்மேல் கிடையாது. அதைப் படித்துவிட்டுத்தான் அனில் சார் கூப்பிட்டார். ஊரில் ஒரு சின்னச் சுற்றுலா நிறுவனம் நடத்துபவர். டிசைனர்களை மட்டும் ஒரு குழுவாகச் சியோலுக்குக் கூட்டிப் போகத் திட்டம். கூட நடந்து விளக்கிச் சொல்ல ஆள் தேவை.

“போயிட்டில்ல, இல்லே? பட்சே போனவங்களைவிட நல்லாயிட்டு எழுதியிருக்கு. பாஸ்போர்ட் உண்டோ?” என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

“உண்டு சார். சுத்தமா இருக்கு” என்றேன். ஒரு முத்திரைகூடக் கிடையாது.

அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. பெயர் கொடுத்தவர்களுக்கும் இருந்தது. போகாத பெண்ணை நம்பிப் போவதா? அதற்கு அனில் சாரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெயர் கொடுத்தவர்களை நான் நம் ஊரிலேயே ஒரு நடை கூட்டிப் போக வேண்டும். சியோலை எப்படிக் காட்டுவேனோ அப்படி. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் டிக்கெட் எனக்கும் சேர்த்து. என் வாழ்க்கையில் அதற்கு முன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குச் சாலை பஜாரில் பாத்திரக் கடை. பூர்வீகம் நாஞ்சில் நாடு. வாடிக்கையாளரிடம் மலையாளம், வீட்டில் நாகர்கோவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

“சாலையையும் கோட்டையையும் காட்டிக் கொரியான்னு சொல்லப் போறியாக்கும்?”

“கொரியான்னு சொல்ல மாட்டேன்ப்பா. கொரியா மாதிரின்னு சொல்லுவேன்.”

“நம்ம கடைக்கு மட்டும் கூட்டிட்டு வராண்டாம், கேட்டியா. ஞாயித்துக்கிழமை யாவாரம் நடக்கும்.”

கூட்டிக்கொண்டுதான் போனேன். அது பின்னால் வருகிறது.

பழவங்காடி கணபதி கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். மொத்தம் ஒரு வேன் அளவு கூட்டம். இரண்டு மூன்று உள்அலங்கார டிசைனர்கள், ஒரு மரச்சாமான் செய்பவர், எல்லோருக்கும் மூத்தவராகச் சுகுமாரன் சார். பொதுப்பணித்துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். கோயில் மதிலையே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சாமி கும்பிட்டார்.

நான் அமர்க்களமாக ஆரம்பித்தேன். எல்லோரையும் செருப்பில்லாமல் வெயிலில் காய்ந்த கல்லில் நிற்க வைத்தேன். “இதுதான் ஒண்டோல். கொரிய வீட்டில் அடுப்பின் சூடு தரைக்கு அடியில் ஓடும். குளிர்காலத்தில் தரை இப்படித்தான் இருக்கும். உள்ளங்காலால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.” ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒற்றைக்காலில் நின்று ஞாபகம் வைத்துக்கொண்டார். கிழக்கேகோட்டையில் ஸ்லாபு போட்டு மூடிய கால்வாயின் மேல் நிறுத்தி, சியோலில் இப்படி மூடிக் கிடந்த ஓடையை மேலே இருந்த மேம்பாலத்தையே இடித்துத் திறந்துவிட்ட கதையைச் சொன்னேன். சுகுமாரன் சார் ஸ்லாபைக் காலால் தட்டினார். அடுத்து அப்பா கடை. அண்டா ஒன்றைக் கவிழ்த்துவைத்து, “ஒரு மூலைகூட இல்லாத, வளைந்து வளைந்து போகும் வெள்ளிநிறக் கட்டடம் அங்கே உண்டு. அதன் வெளிச்சம் இப்படித்தான் நழுவும்” என்று காட்டினேன். கூட்டம் கைதட்டியது. அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அனில் சார் என் காதருகே வந்து, “செண்பகம், டிக்கெட் ஏதாண்டு உறப்பிச்சு” என்றார். கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

கடைசி நிகழ்ச்சி வீடு. கோட்டைக்குள் ஒரு சந்தில் வரிசை வீடுகள். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். அப்பாவின் நண்பர் நாகராஜ மாமா வீட்டில் நடுமுற்றம் உண்டு. அதைத்தான் ஹானோக்காகக் காட்டப்போகிறேன். முந்தின மாதம் போய் வாசலில் நின்றே பேசி அனுமதி வாங்கியிருந்தேன். மாமா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் உள்ளே போகவில்லை. அடையாளம் சுலபம். அந்தச் சந்திலேயே அந்த ஒரு வீட்டுக்குத்தான் நீலக் கதவு.

அதாவது, முந்தின மாதம் வரை.

சந்துக்குள் நுழைவதற்கு முன் எல்லோருக்கும் கொரிய மரியாதைகளைச் சொல்லிக்கொடுத்தேன். புக்சோனில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் கூடாது. செருப்பை வரிசையாக, முனை வெளியே பார்த்த மாதிரி விட வேண்டும். பெரியவர்களுக்கு லேசாகக் குனிந்து வணக்கம். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் முதல் வாய் எடுத்து வைக்கும் வரை யாரும் சாப்பிடக்கூடாது.

நீலக் கதவைக் கண்டேன். தட்டினேன். பளிச்சென்று இஸ்திரி போட்ட வேட்டி சட்டையில் ஒருவர் திறந்தார். நாகராஜ மாமா இல்லை. மாமாவின் தம்பியாக இருக்கும் என்று நினைத்தேன். (அதே வழுக்கை.)

“வாங்கோ வாங்கோ! ஒங்களைத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். எல்லாரும் உள்ள வாங்கோ” என்றார்.

இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியட்டும். அது தாணுபிள்ளை வீடு. நாகராஜ மாமாவின் பக்கத்து வீடு. மாமா தன் வீட்டுக்கு அடித்துப் பாக்கி இருந்த நீலப் பெயின்ட்டை ஆசையாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் எதற்குக் கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்றால், அன்றைக்கு அங்கே வீடு காணல். எங்கள் ஜனங்களுக்கு இது ஒரு முக்கியமான சடங்கு. ஜாதகம் பொருந்தியதும் பெண் வீட்டுச் சொந்தங்கள் ஒரு கூட்டமாக வந்து மாப்பிள்ளை வீட்டை மூலை முடுக்கு விடாமல் பார்ப்பார்கள். தண்ணீர் வருகிறதா, அடுக்களையில் காற்று உண்டா, நம் பிள்ளை இங்கே மூச்சுவிட முடியுமா என்று பார்த்துவிட்டுப் போய்த்தான் பதில் சொல்வார்கள். தாணுபிள்ளை மகன் குமாருக்கு வித்துராவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு நாஞ்சில் குடும்பத்தில் பெண் பார்த்திருந்தார்கள். முதலில் தாய்மாமனும் சொந்தங்களும் வருவார்கள் என்று ஏற்பாடு. ஜாதகமும் போட்டோவும்தான் கைமாறியிருந்தன; தாணுபிள்ளை வீட்டார் யாரும் அவர்களை நேரில் பார்த்தது கிடையாது. அந்தக் கூட்டம் நெடுமங்காட்டில் வண்டி டயர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் நான், நல்ல உடை உடுத்திய, மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற, வீடு பார்ப்பதற்கென்றே வந்த ஒரு கூட்டத்தை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் கூட்டம் செருப்பை வரிசையாக, முனை வெளியே பார்க்க விட்டது. ஒவ்வொருவராகக் குனிந்து வணக்கம் சொன்னது. தாணுபிள்ளையின் மனைவி பகவதி அத்தை தட்டில் கேசரியும் ஏத்தங்காய் சிப்ஸும் சாயாவும் கொண்டுவர, எல்லோரும் இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கிக்கொண்டார்கள்.

“என்ன ஒரு மரியாதை பாத்தேளா” என்று அத்தை கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆகா, கொரியப் பண்பாடு எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நான் பூரித்தேன். அனில் சாரும் பூரித்தார். “பலகாரம் வரைக்கும் செட் பண்ணியிருக்கு! கொள்ளாம்!” (பிரமாதமாம்.)

சுகுமாரன் சாருக்குச் சர்க்கரை. கேசரியைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். அவர் எடுக்காததால் மற்ற யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாணுபிள்ளைக்குப் புரிந்துவிட்டது: இவர்தான் தாய்மாமன், இவர் சொல்தான் கடைசிச் சொல். ஒரு தலையணையைத் தட்டிக் கொண்டுவந்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார். (என்னைப் பெண்ணின் சித்தி என்று கணக்கிட்டார்களாம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மற்றதையெல்லாம் விடுங்கள், இதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

மூலையில் ஒரு பையன் முழுக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். அவன்தான் குமார். சும்மா இருக்க மாட்டாத சுகுமாரன் சார், “எவிடெயா ஜோலி?” என்று கேட்டார்.

“விழிஞ்ஞத்துல, போர்ட்டுல. பிளானிங் செக்ஷன்.”

“நல்ல ஜோலியாணு” என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டார். வீடே மூச்சுவிட்டது.

“எல்லாம் தாராளமாப் பாருங்கோ. மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார் தாணுபிள்ளை. இப்படி ஒரு வீட்டுக்காரர் எந்த டிசைனருக்குக் கிடைப்பார்? நான் கூட்டத்தை எழுப்பி முற்றத்துக்குக் கூட்டிப் போனேன்.

முற்றத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நடுமுற்றம் என்பது ஒரு வீட்டின் விளக்கு. அந்த முற்றத்தில் பாதியை ஒரு குளியலறை விழுங்கியிருந்தது. பிற்பாடு கட்டியது. சிமென்ட் சுவர், மேலே தகரம், பக்கத்தில் ஒரு வாஷிங் மெஷின். அடுக்களைக்கு வர வேண்டிய வெளிச்சம் முழுக்க அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. பகல் நேரத்தில் அடுக்களையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“கொரிய வீட்டில் முற்றத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். செடிகூட அதிகம் வைக்க மாட்டார்கள். வெளிர்மணல் பரப்பியிருப்பார்கள். வெயில் அதில் பட்டுத் தெறித்து அறைக்குள் போகும். இங்கே பாருங்கள், என்ன செய்து வைத்திருக்கிறார்கள்? இந்தக் குளியலறையை இடிக்கணும்.”

தாணுபிள்ளையின் முகம் வெளுத்தது. “இடிக்கணுமா?”

“இடிச்சே ஆகணும்.”

“அது... புள்ளைக்கு அட்டாச்டு வேணும்னு நெனைச்சா மாடியில ஒண்ணு கெட்டிக்கிடலாம்...”

“மாடியில எத்தனை வேணும்னாலும் கட்டுங்கோ. இது போகணும். அடுக்களையில நிக்கிற ஆளு பகல்லயும் பல்பு போட்டுக்கிட்டு நிக்கணுமா? அவங்க என்ன பாவம் செஞ்சாங்க?”

சுகுமாரன் சார் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். “இது லோடு எடுக்குந்ந சுவரல்ல. தட்டிக் களயாம்” என்றார். சுமை தாங்கும் சுவர் இல்லை, இடித்துத் தள்ளலாம். தாய்மாமனே சொல்லிவிட்டார்!

பகவதி அத்தை சாயாத் தட்டைத் தரையில் வைத்தார். “நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இதைத்தான் சொல்லுதேன். ஆரு கேட்டா? இப்பம் வெளியிலேருந்து ஆள் வந்து சொல்லணும்” என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஹானோக்கில் வாழ்க்கை தரையில்தான். உட்காருவது, உண்பது, உறங்குவது எல்லாம் தரை. அதனால் அந்த வீட்டை நின்றுகொண்டு பார்த்தால் புரியாது. என் வழிகாட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. கூடத்துக்குத் திரும்பி, “எல்லோரும் வரிசையாகத் தரையில் படுங்கள். கண்ணை மூடுங்கள். முதுகால் தரையின் குளிர்ச்சியைக் கேளுங்கள். நான் சொல்லும்போது கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பாருங்கள்” என்றேன். படுத்தார்கள். அனில் சார் முதல் ஆளாகப் படுத்தார். சுகுமாரன் சார் தலையணையோடு படுத்தார். நானும் ஓரமாகப் படுத்துக்கொண்டேன்.

தாணுபிள்ளை மனைவியிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. “அவங்க பக்கத்து வழக்கம் போல. நாமளும் படுக்கணுமோ?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவரும் வரிசைக் கடைசியில் வந்து படுத்துக் கண்ணை மூடினார். அப்பா படுத்துவிட்டதைப் பார்த்துக் குமாரும் படுத்தான்.

அந்த நேரத்தில்தான் வித்துராக்காரர்கள் வந்தார்கள்.

அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு வீடு பார்க்கப் பட்டு உடுத்தி, பழத்தட்டு ஏந்தி வருகிறீர்கள். கதவு திறந்து கிடக்கிறது. வாசலில் நிறையச் செருப்பு. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கூடத்தில் ஆட்கள் நீளநெடுக வரிசையாகக் கிடக்கிறார்கள். வரிசையில் மாப்பிள்ளையும் இருக்கிறான். (போட்டோவில் பார்த்த முகம்.) தலைமாட்டில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“எம்பெருமானே!” என்று ஒரு குரல். பழத்தட்டு கீழே விழுந்தது. ஆப்பிள் ஒன்று உருண்டு வந்து சுகுமாரன் சார் கன்னத்தில் முட்டியது. அவர் கண்ணைத் திறந்து, மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் பெண்கள் அலறினார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன பேசினார்கள் என்று சொல்வது கஷ்டம். “நாங்க வித்துராவுலேருந்து வாறோம்” என்று ஒருவர் சொன்னார். “அப்பம் இவங்க ஆரு?” என்று தாணுபிள்ளை படுத்தபடியே கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தவர்களில் மீசைக்காரர் ஒருவர், அசல் தாய்மாமன், துண்டை உதறித் தோளில் போட்டார். “மங்கள காரியத்துக்கு வந்த எடத்துல சவம் மாதிரி ஆளு நெரந்து கெடந்தா அதுக்குமேல என்ன பாக்கதுக்கு இருக்கு? வண்டியை எடுடே!” என்று வெளியே இறங்கிவிட்டார். பின்னாலேயே கூட்டமும் இறங்கியது. குமார் எழுந்து நின்றவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். பையனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

நான் வெறுங்காலோடு சந்தில் ஓடினேன். தரை கொதித்தது. (ஒண்டோல்.) தாய்மாமனின் முன்னால் போய் வழியை மறித்து நின்றேன்.

“அண்ணாச்சி, நில்லுங்கோ. செத்த ஆளு கேசரி திம்பாங்களா? அவங்க வாயைப் பாருங்கோ, எல்லாம் நெய்.”

“நீ ஆருட்டி?”

“டிசைனர்.”

“இந்த வீட்டுல நீ ஆருன்னு கேட்டேன்.”

அதுதான் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதுவும் நீலக் கதவு. நாகராஜ மாமா எட்டிப் பார்த்தார். “ஏ செண்பகம்! நான் சாயா போட்டு வச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா இங்க இருக்கேன், நீ அங்க என்ன செய்யுதே?”

நான் அந்தக் கதவைப் பார்த்தேன். இந்தக் கதவைப் பார்த்தேன். சந்து முழுக்க என்னைப் பார்த்தது. சியோலில் எந்தச் சந்தில் விட்டாலும் திரும்பி வந்துவிடுவேன் என்று எழுதியவள், பிறந்து வளர்ந்த ஊரில், அப்பா கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வீடு மாறிப் போயிருக்கிறேன்.

அனில் சார் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒரு ஸாரி பறய்” என்றார். பறைந்தேன். தாணுபிள்ளை, பகவதி அத்தை, குமார், வித்துராக்காரர்கள் எல்லோரையும் பார்த்துக் கையைக் கூப்பினேன். “வீடு மாறி வந்துட்டேன். என் தப்புதான். மன்னிச்சுக்கிடுங்கோ.” அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு எங்கே மூட வருகிறது? பகவதி அத்தையின் பின்னால் பகலிலும் எரிகிற அந்த பல்பு தெரிந்தது. “ஆனா அந்த பாத்ரூமை இடிக்கத்தான் வேணும். அதுல மாத்தமில்ல” என்றேன்.

தாய்மாமன் மீசையைத் தடவினார்.

“எந்த பாத்ரூம்?” என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரு கோழிக்கூடு கட்டியிருந்தால்கூட அவன் என்ஜினீயர்தான். கட்டடத்தைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிட்டால் அபிப்பிராயம் சொல்லாமல் எவனும் வண்டி ஏற மாட்டான். தாய்மாமன் வித்துராவில் தன் கடையைத் தானே நின்று கட்டியவராம். விடுவிடுவென்று உள்ளே போனார். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். “இதை இடிச்சா மேல போற பீம் இருக்காது” என்றார். சுகுமாரன் சாருக்குச் சுருக்கென்றது. அவர் தட்டிக் காட்டினார். இவர் வேறு இடத்தில் தட்டிக் காட்டினார். சண்டை மும்முரமானதும் குமார் ஓடிப்போய் ஏணி கொண்டுவந்தான். இரண்டு தாய்மாமன்களும் (ஒருவர் போலி) மாறி மாறி ஏறிப் பார்த்தார்கள். பெண்கள் அடுக்களைக்குள் போய், “ஐயே, உள்ள ஒரே இருட்டால்லா இருக்கு” என்றார்கள். பகவதி அத்தை புதிதாகச் சாயா போட்டார். நாகராஜ மாமா தன் வீட்டில் போட்டு வைத்திருந்த சாயாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வித்துராக்காரர்கள் கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பாத்ரூமை இடிப்பதென்றும், பீமுக்குக் கீழே ஒரு தூண் கொடுப்பதென்றும், தேதி பார்ப்பதென்றும் முடிவாகியிருந்தது. தேதி கல்யாணத்துக்கா தூணுக்கா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

என் விஷயம் அவ்வளவு நன்றாக முடியவில்லை. சில நாள் கழித்து அனில் சார் கூப்பிட்டார். “செண்பகம், ஸ்வந்தம் ஊரில் வீடு மாறிப்போன ஆளை நான் எப்படி அந்நிய நாட்டில் கொண்டுபோய் விடும்?” என்றார். நான் விடவில்லை. இங்கே ஞாபகத்தை நம்பிப் போனதால் மாறியது, அங்கே வரைபடத்தைப் பார்த்துப் போவேன், மாறவே மாறாது என்று வாதாடினேன். வாதம் சரியானது. இன்றும் சொல்கிறேன், சரியானது. அவர் வேறு ஒருவரை அனுப்பினார். அந்த ஆள் ஒருமுறை பேக்கேஜ் டூரில் சியோலுக்குப் போய், அரண்மனை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர். அவர் பையில் என் வழிகாட்டி அச்செடுத்து இருந்ததாம். அப்பா கடைக் கிடங்கில் குக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வந்து பார்த்தார், மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அழுகையைவிட அது எனக்கு நன்றாகப் பொருந்தியது.

அந்தக் கோபத்தோடு இருந்தபோதுதான் பகவதி அத்தை போன் செய்தார். “பிள்ளே, ஆள் வந்திருக்கு இடிக்க. நீ வந்து நிக்காம நான் சம்மதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். நீதானே சொன்னே, இப்பம் நீயே வந்து செஞ்சு தா.” சிலிண்டரை ஒளித்துவைப்பது அல்லாமல் நான் வாழ்க்கையில் செய்த முதல் வேலை அது. சுவர் விழுந்த மறுநாள் காலையில் அத்தை அடுக்களையில் பல்பைப் போடாமல் நின்று தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் வெளிர்மணல் பரப்பினேன். ஓரத்தில் ஹானோக்கில் இருப்பதுபோல ஒரு பலகைத் தரை போட்டேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதில்தான் உட்கார்ந்தார்கள். அந்தக் கல்யாணத்திலிருந்து எனக்கு மூன்று முற்றங்கள் வேலைக்குக் கிடைத்தன. அத்தை வீட்டு வேலைக்காக லீவு போட்டிருந்த வழுதக்காட்டு அலுவலகத்துக்கு நான் திரும்பவில்லை.

சியோலுக்கு இன்னும் போகவில்லை. போவேன். யார் தயவிலும் இல்லை, என் காசில், என் வழிகாட்டியை நானே கையில் வைத்துக்கொண்டு. அதுவரை அதன் முதல் வரியை மாற்றப் போவதில்லை.

வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சொந்தக்காரர் வீடு, துக்க வீடு, பால் காய்ச்சும் வீடு, எதுவானாலும் சரி, வாசலில் நின்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் திறக்கிற ஆளிடம் கையைக் கூப்பி, “இது ஒங்க வீடுதானே?” என்று கேட்பார். கூட வருகிற சித்தப்பா, அத்தை எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. வீடு தப்பு, சொன்னது சரி என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியாகிவிட்டது. ஆனால் எனக்கே வரன் வந்து, எங்கள் ஆட்கள் (வீடு என்றால் விடுவேனா, நானும்தான்) ஒரு வேன் நிறைய, ஊருக்குள்ளேயே திருமலையில் மாப்பிள்ளை வீட்டுக்கு வீடு காணப் போனபோதாவது மனிதர் சும்மா இருப்பார் என்று நினைத்தேன். வாசலில் மாப்பிள்ளையின் அப்பா மாலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பா படியேறவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.

“இது ஒங்க வீடுதானே?”

பாவம், அந்த மனிதருக்குக் கதை தெரியாது. என்னமோ வில்லங்கம் என்று பயந்துபோய், மாலையை மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டு, பெயரையும் வீட்டு எண்ணையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.